தலை தீபாவளிக்கு விற்றவை

என் சம்பந்தியம்மா நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதில் அது மறைந்துபோய்விடும். கணவரை இழந்தவர். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒரே மகனோடு இருந்தார். அந்த மகனுக்குத்தான் என் ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தோம். கல்யாணம் முடிந்து விருந்துப் பாத்திரம் கழுவிக் காய்வதற்குள் எனக்கு அவர்மேல் பொறாமை வந்துவிட்டது.

காரணம், அவருடைய வீடு. அந்த வீட்டில் ஒன்றுமே கிடையாது. ஒரு சோபா, ஒரு சாப்பாட்டு மேசை, சுவரில் சின்னதாக ஒரு சாமி மாடம். அடுப்பங்கரையில் ஒரு கரண்டிகூட வெளியே தலைகாட்டாது. சுங்கை பூலோவில் இருக்கும் எங்கள் வீடு அப்படியல்ல. மூடி தொலைந்த டப்பாக்கள், டப்பா தொலைந்த மூடிகள், ஓடாத காற்றாடிகள், துணி காயப்போட மட்டுமே பயன்படும் உடற்பயிற்சி சைக்கிள், யார் யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்து இன்னும் பெட்டி பிரிக்காத கண்ணாடித் தட்டுகள். எதையும் தூக்கி எறிய எங்களுக்கு மனசு வராது. என்றைக்காவது உதவும் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். நானும் அதையே சொல்லித்தான் சேர்த்தேன்.

ஒருநாள் மகள் போனில், "அத்தை வீட்டுல நிம்மதியா மூச்சு விட முடியுது மா. நம்ம வீட்டுல எங்க திரும்பினாலும் ஏதாச்சும் ஒரு சாமான் இடிக்குது லா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. நான் பெற்று வளர்த்த பிள்ளைக்கு மூச்சு விட இன்னொருத்தி வீடு வேண்டியிருக்கிறது.

அந்த வருடம் அவளுக்குத் தலை தீபாவளி. தலை தீபாவளி பெண் வீட்டில்தான் என்பது எழுதாத சட்டம். சம்பந்தியம்மாகூட அதில் மறுப்புச் சொல்லவில்லை. மகள்தான் சொன்னாள்.

"முத நாள் சாயங்காலம் வந்துடுறோம் மா. தீபாவளி அன்னிக்கி பொழுது சாயக் கிளம்பிடுவோம். பாவம், அத்தை தனியா இருப்பாங்க."

நான் குறைந்தது மூன்று நாளாவது தங்குவார்கள் என்று நினைத்துப் பலகாரத்துக்கு மாவு அரைத்து வைத்திருந்தேன். அவளைத் தங்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அவள் தங்காததற்கு எங்கள் வீட்டுச் சாமான்கள்தான் காரணம் என்று நானே முடிவு செய்தேன். வீட்டைக் காலி செய்தால் பிள்ளை தங்குவாள்.

தீபாவளிக்கு வீடு கழுவுவது எல்லாரும் செய்வதுதான். நான் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சாமானையும் கார் நிற்கும் இடத்துக்கு இழுத்து வந்து, துடைத்து, படம் பிடித்து, எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பக்கத்துத் தாமான்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். "ஆன்டி, இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள் பலர். "லாஸ்ட் எவ்ளோ அக்கா?" என்று வாசலில் நின்று பேரம் பேசியவர்கள் சிலர். சைக்கிளை ஒரு மலாய்க்கார அம்மா வாங்கிப்போனார். அவரும் துணி காயப்போடத்தான் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். யாரும் சீண்டாதவை பழைய பேப்பர் வாங்கும் லோரியில் ஏறின. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் வாசல்வரை போய் வழியனுப்பினார்.

"அவங்க வீடு சுத்தமா இருக்குன்னு நம்ம வீட்டை விக்கிறியே" என்றார்.

"வீட்டை விக்கல, குப்பையை விக்கிறேன்" என்றேன்.

கடைசியாக மகளின் அறை மிஞ்சியது. அந்த ஒற்றைக் கட்டிலில் மாப்பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பது? பெரிய கட்டில், புதுத் திரை, ஏர்கான் எல்லாம் வேண்டும். பழையதை என்ன செய்ய என்று மகளிடம் கேட்டேன். "எல்லாத்தையும் வித்துடு மா, எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள். அப்படிப் பட்டென்று சொல்லுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்றிரண்டையாவது பிடித்துவைக்கச் சொல்லுவாள் என்று நினைத்திருந்தேன்.

அந்த அறையில் உருப்படியான சாமான் அவளுடைய டிரெஸ்ஸிங் டேபிள்தான். அவள் இடைநிலைப் பள்ளிக்குப் போன வருடம், கிள்ளானில் ஒரு தளவாடக் கடையில் அவளே விரலை நீட்டிக் காட்டியது. பெரிய நீள்வட்டக் கண்ணாடி, இரண்டு பக்கமும் இழுப்பறைகள். அதன் படத்தைக் குழுவில் போட்டுவிட்டு மகளுக்கும் அனுப்பினேன். அவள் அதைத் தன் அத்தைக்குக் காட்டியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சம்பந்தியம்மாவே கூப்பிட்டார்.

"சம்பந்தி, அந்த டிரெஸ்ஸிங் டேபிளை யாருக்கும் கொடுத்துடாதீங்க. இங்க பாத்ரூம் கண்ணாடியை விட்டா வேற கண்ணாடியே இல்ல. பிள்ளை அதுல பார்த்துத்தான் புடவை கட்டுது. இப்பவே பையனை வேன் எடுத்துட்டு வரச் சொல்றேன். என்ன விலையோ சொல்லுங்க."

என் மகள் உட்கார்ந்து தலை வாரிய மேசை அந்த வீட்டுக்கா? அப்புறம் அவள் இங்கே எதற்கு வருவாள்?

"இன்னிக்கி வெள்ளிக்கிழமை சம்பந்தி. விளக்கு வெச்சிட்டேன். வீட்டுப் பொருளை எப்படி வெளிய அனுப்புறது?" என்றேன்.

"ஆமா லா, நான் ஒருத்தி. மறந்தே போய்ட்டேன். அப்ப நாளைக்கி மத்தியானம் அனுப்புறேன்" என்றார் உடனே.

அவருக்குச் சந்தேகமே வரவில்லை. முந்தின வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு ரைஸ் குக்கரை விற்றபோது எனக்கு இந்தச் சாஸ்திரம் ஞாபகம் வந்திருக்கவில்லை.

தனக்கு மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனம் கெட வேண்டும் என்பார்கள். நான் மறுநாள் காலையில் அதைத்தான் செய்தேன். குழுவில் முதலில் கேட்டிருந்தவரை வரச் சொன்னேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த இளம் ஜோடி அது. அவர்கள் கேட்ட அடிமாட்டு விலைக்கே சரி என்றேன். "ஏங்க்கா, கண்ணாடியில கீறல் எதுவும் இருக்கா?" என்று அந்தப் பெண் சந்தேகத்தோடு தடவித் தடவிப் பார்த்தாள். பத்து மணிக்கெல்லாம் மேசை வாசலைத் தாண்டிவிட்டது.

பிறகு சம்பந்தியைக் கூப்பிட்டு, நான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தபோது வீட்டுக்காரர் தெரியாமல் விற்றுவிட்டார் என்று அளந்தேன்.

"பரவால்ல சம்பந்தி. அண்ணனைத் திட்டாதீங்க" என்றார்.

பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வாசலிலிருந்து அடுக்களைவரை எதுவும் இடிக்காமல் நடந்து வந்தாள். அவள் அறைக் கதவை நானே திறந்துவிட்டேன். வெள்ளை விரிப்பு, புதுத் திரை, ஏர்கான் குளிர். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சூப்பர் மா. ஹோட்டல் மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள், எனக்கும் அப்போது அப்படித்தான் காதில் விழுந்தது. பையைச் சுவரோரம் வைத்தாள். ஒரு துணியை வெளியே எடுத்து வைக்கவும் அங்கே இழுப்பறை இல்லை. மறுநாள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் புதுப்புடவையோடு வந்து, "எதுல மா பார்த்துக் கட்டுறது?" என்றாள். அப்பா முகம் மழிக்கும் சின்னக் கண்ணாடியை மாப்பிள்ளை உயர்த்திப் பிடிக்க, ஒரு துண்டு தோளும் ஒரு துண்டு இடுப்புமாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. நான் முறுக்கு எடுத்துவரப் போவதுபோல் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பொழுது சாய்ந்ததும் சொன்னபடியே பையைத் தூக்கினாள்.

"இன்னிக்கி ஒரு ராத்திரி இருந்துட்டுப் போயேன். ரூம்தான் இவ்ளோ வசதியா இருக்கே" என்றேன். கெஞ்சுகிற குரல் எனக்கே கேட்டது.

"ரூமுக்காகவா மா? அத்தை தனியா இருக்காங்க. நாளைக்கி நீங்க ரெண்டு பேரும் அங்க சாப்பிட வந்துடுங்க" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் போனோம். சம்பந்தியம்மா வாழை இலை போட்டு ஆட்டுக்கறியும் ரசமுமாகப் பரிமாறினார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. உப்பாவது கூடியிருக்கக் கூடாதா என்று இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் குளியலறைக்குப் போனேன்.

தண்ணீர்ப் புள்ளி ஒன்றுகூட இல்லாத அந்தக் கண்ணாடியின் இடது ஓரத்தில் வரிசையாகப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. கறுப்பு, மெரூன், கல் வைத்தது ஒன்று. என் மகளின் பொட்டுகள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம். முகம் கழுவுமுன் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு மறந்துபோவாள். நான் நகத்தால் சுரண்டி, பசை போகத் துடைத்து, வாய் வலிக்கத் திட்டுவேன். விற்பதற்குப் படம் பிடிக்கும்போதுகூட அந்த டிரெஸ்ஸிங் டேபிளில் கிடந்த இரண்டைச் சுரண்டி எறிந்திருந்தேன். தீபாவளி அன்று என் வீட்டில் அவள் ஒரு பொட்டைக்கூட எங்கும் ஒட்டவில்லை. குளிக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்ததைப் பைக்குள் இருந்த அட்டையிலேயே திரும்ப ஒட்டி வைத்ததைப் பார்த்தேன். வெளியூர் போனால் நானும் அப்படித்தான் செய்வேன்.

துண்டோடு சம்பந்தியம்மா வாசலில் வந்து நின்றார். நெற்றியில் வழக்கம்போல வெறும் திருநீறு.

"கண்ணாடியை என்ன பாடு படுத்தி வெச்சிருக்கா பாருங்க சம்பந்தி. இருங்க, நான் எடுத்துடுறேன்" என்றேன். என் நகம் அதற்குள் முதல் பொட்டின் ஓரத்துக்குப் போயிருந்தது.

"வேணாம் சம்பந்தி, இருக்கட்டும்" என்றார். துண்டை என்னிடம் நீட்டிக்கொண்டே, "அவரு போனதுலேர்ந்து இந்தக் கண்ணாடியில பொட்டே இல்ல" என்றார்.

கையை எடுத்துக்கொண்டேன். துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டேன். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்தால் பொறாமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வரிசையில் ஒன்றைக்கூட அந்த அம்மாள் சுரண்டவில்லை என்பதுதான் கீழே வண்டி ஏறும்வரை எனக்குள் அறுத்துக்கொண்டிருந்தது.

பாதி வழியில், "என்ன ஒண்ணும் பேசாம வர்றே?" என்றார் வீட்டுக்காரர்.

"பிள்ளை ரூமுக்கு ஒரு கண்ணாடி வாங்கணும். பெருசா."

"இப்பத்தானே ஒண்ணை வித்தே" என்றார்.

"அதான்" என்றேன்.