காவி உடுத்திய ஓட்டக்காரி

காலை ஆறு இருபதுக்கு என் மகள் வலது காலை முழுதாக ஊன்றாமல் எடுத்தாள். ஒரே ஓர் அடிதான். அடுத்த அடியில் சரியாகிவிட்டாள். முன்னால் கொடி பிடித்துப் போனவரும், பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு வந்த பெண்களும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். உடனே கைபேசியை எடுத்து மணி பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால்கூட முதலில் மணி பார்க்கிற பழக்கம் எனக்கு; மருத்துவமனையில் எப்படியும் கேட்பார்கள் என்று.

இப்போது அவள் நடக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மீதியை என்னால் எழுத முடியாது.

நாங்கள் ஆவூர்ப் பக்கம். ஆண்டுதோறும் ஆவணியில் எங்கள் ஊரிலிருந்து ஒரு கூட்டம் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி, செருப்பில்லாமல் நடந்து புறப்படும். முன்னால் கொடி, அதன் பின்னால் மாதா சுரூபம் வைத்த தள்ளுவண்டி, அதில் கட்டிய ஒலிபெருக்கி, கடைசியில் பாயும் பாத்திரமும் ஏற்றிய குட்டியானை என்கிற சின்ன லாரி. அந்தக் குட்டியானையை ஓட்டுகிறவர் என் கணவர். நடக்க முடியாமல் போனவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் ஏறியவர் காவியைக் கழற்றிவிட வேண்டும். மாதாவுக்கு நேர்ந்துகொண்ட அந்த நேர்ச்சை அத்தோடு செல்லாது.

என் மகள் நெடுந்தூர ஓட்டக்காரி. கல்லூரி முதலாண்டு. ஐயாயிரம் மீட்டரும் பத்தாயிரம் மீட்டரும் ஓடுவாள். அவளுக்குப் பயிற்சி கொடுப்பவர் முப்பதைத் தாண்டிய ஒரு பெண். அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர், திருவரங்குளத்துக்காரர். அவரும் ஒரு காலத்தில் ஓடியவர்தான். கணைக்கால் எலும்பு வலிக்க வலிக்க ஓடி, அது முறிந்து, தகடு வைத்து, அதோடு போட்டிகள் முடிந்துபோயின. அதனாலோ என்னவோ, கோடைக்கு முன் என் மகள் அதே எலும்பைத் தடவிக்கொண்டு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்த அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டார். ஸ்கேன் எடுத்தோம். விரிசல் இன்னும் விழவில்லை, ஆனால் விழப் பார்க்கிறது என்றார் டாக்டர். இதற்கு மேல் ஓடினால் குறுக்கே முறிந்துவிடும், அப்புறம் தகடுதான் என்றார்.

அன்று பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட கேள்வி என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

"அக்கா, பாப்பாவுக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

வரவில்லை. சில மாதங்களாகவே இல்லை. ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும்போல என்று நானும் விட்டிருந்தேன். உடம்பு லேசாக இருந்தால் வேகம் கூடும் என்று அவள் சோற்றைக் குறைத்திருந்தாள். அதற்கு மேல் தவக்காலம் முழுக்க ஒருசந்தி. ஒரு வேளைச் சாப்பாடு. காலையில் ஓட்டம், மாலையிலும் ஓட்டம்.

"ஓடுறது ஒடைக்கிற வேலக்கா. சோறும் தூக்கமும்தான் கட்டுற வேல. இவ ஒடச்சுக்கிட்டே இருந்திருக்கா. கட்டவே இல்ல."

அதன்பிறகு என் வீட்டில் கட்டுகிற வேலை நடந்தது. முட்டை, கேப்பைக்கூழ், கருவாடு, மத்தியானம் ஒரு தூக்கம். ஓடுகிறவளுக்கு ஓய்வு எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் பார்த்தேன். விடியற்காலையில் விழிப்பு வந்துவிடும். ஓடப் போக முடியாது. கட்டிலில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தள்ளி ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பாள். வலிக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தபடியேதான் எனக்குக் கோடை கழிந்தது. சாயங்காலம் தனியாகக் கோயிலுக்குப் போவாள். நான் எதுவும் கேட்கவில்லை.

மாதவிடாய் திரும்ப வந்தது. அடுத்த ஸ்கேன் நன்றாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள், "கால் சரியானா செருப்பில்லாம நடந்து வாரேன்னு மாதாட்ட சொல்லியிருக்கேம்மா."

பயிற்சியாளர் அப்போதுதான் ஒருநாள் விட்டு ஒருநாள், ஷூ போட்டு, மண் தரையில் மெதுவாக ஓட விட்டிருந்தார். இடைப்பட்ட நாளில் நடக்கலாமா என்று இவள் கேட்டாள். "தாராளமா நட" என்று பதில் வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அது போதுமானதாக இருந்தது. எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் அவள்தான் எல்லோருக்கும் முன்னால் போனாள். வியர்வைகூட இல்லை. என் நாத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஓடுறவளுக்கு நடக்குறதெல்லாம் பாயசம்டி. எங்களப் பாரு, காலு ரெண்டும் உரலு மாதிரி இருக்கு" என்றார். "அத்தே, ஒங்களத் தூக்கிக்கிட்டே நடப்பேன், வாங்க" என்று இவள் சிரித்தாள். கீரனூரைத் தாண்டும்வரை அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

இரண்டாம் நாள் காலைதான் அந்த ஆறு இருபது. கந்தர்வகோட்டை இன்னும் வரவில்லை. அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

"கால் வலிக்குதா?"

"இல்லம்மா."

"பாப்பா."

"கல்லு குத்திருச்சும்மா. நீங்க செபத்தச் சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் தார் ரோட்டை விட்டு இறங்கி ஓரத்துச் செம்மண்ணில் நடக்கத் தொடங்கினாள். முந்திரித் தோப்பு ஒன்றின் ஓரம் கூட்டம் காப்பிக்கு நின்றபோது, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். கட்டைவிரல் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தது. அவள் முகம் மாறியது. என் டம்ளரை நானும் கீழே வைத்தேன்.

நாத்தனார் எண்ணெய்ப் புட்டியோடு வந்துவிட்டார். "நல்லா அழுத்தித் தேய்ச்சு விடுறேன். நடக்க நடக்கச் சரியாயிரும். ஒக்காந்தாத்தான் புடிச்சுக்கும்." அவர் பாதம் முழுக்கக் கொப்புளம். அப்படியே நடந்து வருகிறவர் சொல்வதை யார் மறுக்க முடியும்? நான் மரத்துக்குப் பின்னால் போய்ப் பயிற்சியாளரை அழைத்தேன்.

எங்கே நடந்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். அந்த இடத்தை அழுத்தியபோது அவள் முகம் மாறியதையும் சொன்னேன். அப்புறம்தான் செருப்பில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் விசில் சத்தமும் பிள்ளைகள் ஓடும் சத்தமும் கேட்டன. பிறகு, "அக்கா, ஒக்கார வைங்க. யாரையும் தடவ விடாதீங்க. வண்டி இருந்தா ஏத்திருங்க. நான் வாரேன்" என்றார்.

கூட்டம் புறப்பட்டது. குட்டியானையை நிறுத்தி வைத்துவிட்டு என் கணவர் இறங்கி வந்தார். அவர் மகளை ஒருநாளும் அதட்டியதில்லை.

"ஏறு ஆத்தா."

"மாட்டேம்ப்பா."

"பாயி தலகாணியெல்லாம் வருசா வருசம் இதுலதான் வேளாங்கண்ணி போகுது. அதுகளுக்கு ஒரு நோவு நொடி வந்திருக்கா? ஏறு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"மாதா காலக் குடுத்ததே நடக்குறதுக்குத்தானப்பா. வண்டில ஏறி காவியக் கழத்துனா, குடுத்தவங்க திரும்ப வாங்கிக்க மாட்டாங்களா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அறிவியல் ஆசிரியை. ஏழாம் வகுப்புக்கு எலும்பு மண்டலம் நடத்துகிறவள். ஸ்கேன் படத்தை அவளுக்கு விளக்கியவளும் நான்தான். முட்டையும் தூக்கமும்தான் உன் காலைக் கட்டின என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அவள் கோயிலுக்குப் போன சாயங்காலங்களில் நானும் வீட்டில் சும்மா இருக்கவில்லை, மாதாவிடம் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நடந்தால் எலும்பு போய்விடும். நடக்காவிட்டால் வேறு எதுவோ போய்விடும்.

ஒலிபெருக்கிப் பாட்டு தைலமரங்களுக்கு அப்பால் தேய்ந்துகொண்டே போனது. அது முழுதாக அடங்குவதை அவளால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டாள். கையைப் பிடித்தேன். "விடுங்கம்மா" என்று உதறினாள். மைதானத்தில் கடைசிச் சுற்றில் அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கைதட்டித்தான் எனக்குப் பழக்கம்.

ஓரத்து மண்ணில் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். என் கணவர் வண்டியை ஆள் நடக்கும் வேகத்தில் எங்கள் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தார். சற்றுத் தள்ளி ஒரு கிலோமீட்டர் கல் இருந்தது. அதை எட்டியபோது வலது கால் தரையைத் தொட மறுத்துவிட்டது. அவள் கல்லின் தலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு அதில் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்தாள்.

அப்போதும் வண்டியில் ஏற மாட்டேன் என்றாள். கொஞ்ச நேரம் இருந்தால் சரியாகிவிடும், கூட்டத்தைப் பிடித்துவிடுவேன் என்றாள். வெயில் ஏறியது. என் கணவர் வண்டியிலிருந்து ஒரு பாயை எடுத்து வந்து அவளுக்கு நிழலாகப் பிடித்தபடி நின்றார். ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து யாரோ கை கூப்பினார்கள். கல்லையும் காவியையும் பாயையும் பார்த்து, ஏதோ சுரூபம் என்று நினைத்தார்களோ என்னவோ. எங்களுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. வருகிற ஒவ்வொரு இருசக்கர வண்டியையும் நான் பார்த்தேன். பயிற்சியாளர் வந்து என்னைத் திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். யாராவது பெரிய குரலில் திட்டினால் இவள் ஏறிவிடுவாள் என்று பட்டது.

பயிற்சியாளர் ஸ்கூட்டியில் வந்தார். கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தகடு வைத்த காலை ஒரு பக்கம் நீட்டியபடி மண்ணில் உட்கார்ந்தார். ஒரு விரலால் அந்த இடத்தைத் தொட்டார். அழுத்தக்கூட இல்லை. இவள் பல்லைக் கடித்தாள்.

"யாருடி நடக்கலாம்னு சொன்னா?"

"நீங்கதான் மிஸ்."

"பாலு வாங்கக் கடைக்கு நடக்கச் சொன்னேன்டி. கடலுக்கா நடக்கச் சொன்னேன்?"

என் கணவர் பாய்க்குப் பின்னால் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார். இவள் சிரிக்கவில்லை. "வண்டில ஏறுனா காவியக் கழத்தணும் மிஸ். நேர்ச்ச செல்லாது" என்றாள். குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது.

அவருக்கு இந்த வழக்கம் தெரியாது. அவர்கள் வீட்டில் அம்மனுக்குப் பால்குடம் எடுப்பார்கள். என் கணவரை நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்று இவர் தலையாட்டினார். மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரோ, அதற்கும் இவள் பிடிவாதமாக எழுந்து நடந்துவிடுவாளோ என்று நான் ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அவர் கூட்டம் போன திசையைப் பார்த்துவிட்டு இவளிடம் திரும்பினார்.

"எதுவரைக்கும் நடந்தே?"

"இந்தக் கல்லு வரைக்கும்."

"தாண்டலையே?"

"இல்ல மிஸ்."

எழுந்து, ஷூவின் குதிகாலால் கல்லை ஒட்டிச் செம்மண்ணில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது போலவே, வளையாமல், நிதானமாக.

"காவியக் கழத்த வேணாம். கோட்டுல நிக்கிறவ எதுக்குக் கழத்தணும்? காலு சரியாகட்டும். நானே கூட்டியாரேன். அப்ப இங்கயிருந்து கெளம்பு."

இவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மழ பேஞ்சா அழிஞ்சிரும் மிஸ்" என்றாள்.

"கோடு அழியட்டும். கல்லு எங்கடி போகும்?" என்று அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். "ஏறு. பாக்கித் தூரம் ஒன் பேர்லதான் இருக்கு. வேற எவளும் வந்து நடந்துட்டுப் போயிர மாட்டா."