அடுத்த அணிக்குப் போன கேள்வி

1972 பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்து நான்கு குடம் தண்ணீர் இறைத்தேன். ஏழு நாற்பது டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் திறந்து, தராசுகளைத் துடைத்து வைத்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு ஸ்டாப் கிளாக்குடன் பெரிய ஹாலுக்குப் போனேன்.

அதுவரை மேடையே ஏறாத மாணவர்களுக்கு மட்டும் என்று வினாடி வினா வைத்திருந்தோம். நேரம் பார்ப்பது என் வேலை. கேள்விக்கு இருபது வினாடி. ஓர் அணிக்குத் தெரியாவிட்டால் அது அடுத்த அணிக்குப் போகும். அதற்குப் பத்து வினாடி. முடிந்ததும் மணி அடிப்பேன். ஜெயிக்கும் அணி மதுரைப் போட்டிக்குப் போகும்.

கடைசிச் சுற்றுக்கு வந்தவை இரண்டு அணிகள்: அருப்புக்கோட்டை டவுன் பையன்கள் இருவர், நரிக்குடிப் பக்கத்துப் பையன்கள் இருவர். நரிக்குடி அணியில் நெட்டையானவன் மதுரையைப் பார்த்ததே இல்லை. போட்டுக்கொண்டு போக அண்ணனின் சட்டையைக்கூடக் கேட்டு வைத்திருந்தான். பின்வரிசையில் அதுதான் கேலி.

"ஏலே, சட்டை மதுரைக்குப் போயிரும். நீ போவியா?"

சூரிய ஒளி பூமிக்கு வர எத்தனை நிமிடம் என்று டவுன் அணியைக் கேட்டார்கள். தெரியவில்லை. கேள்வி நரிக்குடிக்கு வந்தது. நெட்டையன் மேசையில் விரலால் எட்டு என்று எழுதியதை நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. மணி அடித்தேன். இன்னும் இரண்டு கேள்விகள் இப்படியே போயின. கேள்வி கேட்ட ஆங்கிலப் பேராசிரியர் பொறுமை இழந்தார்.

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"தெரியும் சார். ஆனா அது அவுகளுக்குக் கேட்டது. நாங்க எப்படி எடுக்குறது?" என்றான் நெட்டையன்.

ஹாலே சிரித்தது. பேராசிரியர் விதியை மறுபடி விளக்கினார். இருவரும் தலையாட்டினார்கள்.

கடைசிக் கேள்வி வந்தபோது டவுன் அணி ஒரு மதிப்பெண் முன்னே இருந்தது. துணைக்கோள்கள் அதிகமுள்ள கோள் எது? அவர்கள் விழித்தார்கள். கேள்வி இவர்களிடம் வந்தது. சரியாகச் சொன்னால் இரண்டு மதிப்பெண், மதுரையும் இவர்களுக்கு. நெட்டையன் எழுந்தான். எழுந்தவன் டவுன் அணிப் பக்கம் திரும்பினான்.

"எடுத்துக்கிடலாமா? உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

"ஏலே, சொல்லித் தொலைலே! நேரம் போகுது!" என்று கத்தியதும் டவுன் அணிதான்.

"வியா..." என்றான். முள் பத்தைத் தொட்டது. மணி அடித்தேன்.

வாழ்நாளில் ஒரு வினாடியை நான் யாருக்காகவும் கூட்டியதில்லை. அன்றும் கூட்டவில்லை. ஆனால் மணிமேல் வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை. இருந்ததே பத்து வினாடி. அதில் ஆறை, தன்னைத் தோற்கடிக்கப் போகிறவர்களின் சம்மதம் கேட்க அவன் கொடுத்துவிட்டான். அந்த வயதில் எனக்கு அது தோன்றியிருக்காது. நாற்பத்து மூன்றிலும் தோன்றுமா என்று தெரியவில்லை. யாரும் கை தட்டவில்லை, ஜெயித்தவர்கள்கூட. அவன் மட்டும் "வியாழன்" என்று மெதுவாக முடித்துவிட்டு உட்கார்ந்தான்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தைத் திறப்பதற்கு முன், ஜெயித்தவர்களோடு மதுரைக்கு மாற்று அணியாக நரிக்குடி மாணவர்கள் இருவரையும் அனுப்பக் கோரி ஒரு விண்ணப்பம் எழுதி, முதல்வரின் மேசையில் வைத்தேன்.