வட்டத்தில் வாசித்த கடிதம்

அடையாற்றில் மரங்களுக்கு நடுவே இருக்கும் அந்தப் பள்ளியில் மதிப்பெண் கிடையாது, ரேங்க் கிடையாது. ஆசிரியர்களைக்கூட அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். பாதிப் பிள்ளைகள் ஹாஸ்டலில் இருந்தார்கள். என் மகள் மயிலாப்பூரிலிருந்து போய்வந்தாள். ரிப்போர்ட் கார்டுக்குப் பதிலாக, வருஷத்துக்கு ஒருமுறை பெற்றோர் பிள்ளையைப் பற்றி ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். வகுப்பு வட்டமாக உட்கார, அதைப் பிள்ளையே உரக்க வாசிக்கும்.

மகள் பிளஸ் ஒன்னுக்கு அங்கே சேர்ந்த வருஷம் முதல் கடிதம் கேட்டார்கள். மற்ற அப்பாக்களுக்கு வியர்த்தது. நான் வார இதழ்களில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். எனக்கு அல்வா சாப்பிடுகிற வேலை.

'என் மகள் தினமும் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜோடு பேசுகிறாள். எங்கள் வீட்டில் குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம்.

திக்காமல் வாசித்தாள். நான் வைத்த இடத்திலெல்லாம் சிரிப்பு வந்தது. ஃப்ரிட்ஜுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. வட்டத்துக்கு வெளியே பெற்றோர் வரிசையில் இருந்த நான் அதையும் என் திறமைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா சார், பாப்பா கம்முனு கீது? பரிச்சையில புட்டுக்கிச்சா?"

"அந்த ஸ்கூல்ல பரீட்சையே கிடையாதுப்பா" என்றேன் பெருமையாக.

"அப்பறம் இன்னாத்துக்கு சார் அழுவுது?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

"கிளாஸ்ல எழுந்தா எனக்குப் பேச்சே வராதுப்பா. நாளைக்குச் சொல்ல வேண்டியதை ஃப்ரிட்ஜ்கிட்ட சொல்லிப் பாத்துப்பேன். அது இன்னிக்கு வரைக்கும் அங்க யாருக்கும் தெரியாது."

"வேடிக்கையாத்தானேம்மா எழுதினேன்..."

"தெரியும்ப்பா. நல்லாத்தான் இருந்துது. எல்லாரும் சிரிச்சாங்களே."

பிளஸ் டூவுக்கு அவள் ஹாஸ்டலில் சேர்ந்தாள். வீட்டுக்கும் பள்ளிக்கும் கால் மணி நேரப் பயணம். கேட்ட உறவினர்களிடம், "சொந்தக் கால்ல நிக்கட்டுமேன்னுதான்" என்று பள்ளியின் கையேட்டில் இருந்ததையே எடுத்துவிட்டேன்.

இந்த வருஷமும் கடிதம் கேட்டார்கள். சிரிப்பில்லாமல் எழுதிப் பார்த்தேன்; வீட்டு வசதி வாரியத்துக்குப் போடும் விண்ணப்பம் மாதிரி வந்தது. மூன்றாவது தாளைக் கிழிக்கும்போது மகள் அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

"இந்த வாட்டி நீ எழுதும்மா. அப்பாவை ஒற்று மட்டும் பாக்கச் சொல்லு."

மனைவி அரைப் பக்கம் எழுதி நீட்டினாள். கடைசி வரி இது: 'இவளைப் பற்றி எனக்கு நிறைய தெரியும். அவள் சொல்லச் சொன்னால் மட்டும் சொல்வேன்.'

'நிறைய'வுக்குப் பக்கத்தில் ஒரு 'த்' போட்டேன்.

"அப்படி என்ன தெரியும் உனக்கு?" என்றேன்.

"பிழை பாத்தாச்சா?" என்று கையை நீட்டினாள்.