ஆறு மணிக்கு அட்டை தேய்த்த பெண்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வடக்குத்து ஊரில் மாடிவீடு, இரண்டு லாரி, சுரங்கத்தில் நாற்பது ஆள் கான்ட்ராக்ட், எல்லாம் நானாகச் சம்பாதித்தது. அந்த நாற்பது பேரின் வருகையை இனிமேல் கம்ப்யூட்டர் பதியும் என்றார்கள். அதைச் சோதிக்க வந்தார் ஒரு கண்ணாடிக்காரப் பெண். ஷிப்ட் தொடங்கும் ஆறு மணிக்கு ஒரு நிமிடம் முன்பும் பின்பும்தான் வருகை அட்டையை மெஷினில் தேய்ப்பார். தப்பு இருந்தால் இப்படி நேரம் மாறுகிற ஓரத்தில்தான் இருக்குமாம்.

“எல்லாம் சரியா வருதே, இன்னும் எதுக்கும்மா தேச்சிகினே இருக்கீங்க?”

“தப்பு இருந்தா காட்டலாங்க. இல்லவே இல்லன்னு எவ்ளோ தேச்சாலும் சொல்ல முடியாது.”

படித்தவர் யாரும் என்னிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை.

“அப்போ, மாத்தாள் வராம ரெண்டு ஷிப்டும் சேத்துப் பாக்கறவனுக்குத் தேச்சுப் பாருங்க” என்றேன்.

தேய்த்தார். ஆளே வரவில்லை என்றது கம்ப்யூட்டர். சிரித்தபடி நோட்டில் குறித்துக்கொண்டு திருத்த வைத்தார். என் ஆட்களின் கூலி வெட்டுப்படாமல் தப்பியது.

கெட்டிக்காரர்தான். ஆனால் நோட்டில் அந்தத் தப்பைக் குறித்த வரிக்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதட்டும்.