மாடிப்படியிலிருந்து ஒரு போன்

அவளுக்கு ‘ஆறுதல் மேடம்’ என்ற பெயரை வைத்தது அலுவலகக் காவலாளி. கிண்டலாகத்தான் வைத்தார். ஆனால் ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து, ‘நானே ஊருக்குப் போகிறேன்’ என்று அந்நாட்டு அதிகாரிகளிடம் எழுதிக்கொடுத்துத் திரும்பியவர்களை வீடு தேடிப் போய், மனசு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்புவாள். மற்றபடி உட்கார்ந்து கேட்பாள். கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோனவள் அவள். மாலையில் பேருந்து ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்துவிடுவாரோ என்று கண்ணை மூடிக்கொள்வாள்.

அப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், வெளிநாட்டில் ஒரு குளிர்கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கியவர். விசா முடிந்த பிறகும் தங்கிப் பிடிபட்டவர். “நீயாகப் போகிறாயா, நாங்கள் அனுப்பட்டுமா?” என்று அதிகாரிகள் கேட்டதற்கு, நானே போகிறேன் என்று கையெழுத்துப் போட்டார். அவர் கிளம்பிப் போகும்போது மகள் கைக்குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை போனபோது அவர் வெயிலிலும் குளிர்கிடங்கில் போட்டிருந்த ஸ்வெட்டரோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மனைவி மெஷினை விட்டு எழுந்திருக்காமலே பேசினாள்.

“நானாதான் வந்தேன்னு சொல்றார் மேடம். யாரும் புடிச்சுத் தள்ளலையே. அப்புறம் எதுக்கு இப்படி உக்காந்திருக்கணும்?”

“அதான் மேடம் பிரச்சினையே” என்றார் அவர், சுவரிடம் சொல்வதுபோல. “யாராவது துரத்தியிருந்தா அவங்களத் திட்டிக்கிட்டாவது இருக்கலாம். நானே கையெழுத்துப் போட்டேன். யாரத் திட்டுறது?”

ஆறுதல் மேடம் அவரை மருத்துவரைப் பார்க்கச் சொன்னாள். பார்க்கலாம் என்றார். போகவில்லை.

அடுத்த தடவை மனைவி அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தணித்தாள்.

“இவருக்கு மூளை கலங்கிடுச்சு மேடம். சாயந்திரமானா வெளிய மாடிப்படியில போய் உக்காந்துக்கிறார். அங்கிருந்து வீட்டுக்குள்ள இருக்கிற புள்ளைக்குப் போன் பண்றார். எதிர்வீட்டுக்காரி சிரிக்கிறா.”

அன்று ஏற்கெனவே மூன்று வீடு ஏறி இறங்கி அவளுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. இருந்தாலும் மாடிப்படிக்குப் போய் அவருக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்தாள். போனில் சிறுமியின் குரல் வெளியே கேட்டது.

“அப்பா, எங்க டீச்சர் ஸ்கூட்டர்ல இருந்து விழுந்துட்டாங்க. யாருமே சிரிக்கல.”

“நெஜமாவா?”

“கொஞ்சம் சிரிச்சோம்.”

அவர் சிரித்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதரா இவர் என்று அவளுக்குத் தோன்றியது. போனை வைத்ததும் அந்தச் சிரிப்பு வடிந்துவிட்டது.

“போன்லதான் மேடம் எம்பொண்ணு. பக்கத்துல போய் உக்காந்தா பென்சிலைக் கெட்டியாப் புடிச்சுக்கிறா. யாரோ மாமா வந்திருக்கிற மாதிரி பாக்குறா. எனக்கும் என்ன பேசுறதுன்னு தெரியல.”

அவள் உள்ளே போய் மனைவியிடம் சொன்னாள். “இது பைத்தியம் இல்லம்மா. இத்தன வருஷமா போன்லயே பேசிப் பழகினவங்க, ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச வழி இது ஒண்ணுதான். போனைப் புடுங்கிடாதீங்க.”

மெஷின் நின்றது. “சரி. எனக்கு?” என்றாள் மனைவி. “புள்ளைக்காவது போன் வருது. எங்கிட்ட அவர் எதுலயும் பேசுறதில்ல மேடம்.”

ஆறுதல் மேடம் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அதைக் கழற்றிக் கீழே வைத்தாள். இந்த வீட்டுக்கு வந்து போனதில் இவளிடம் ‘நீங்க எப்படி இருக்கீங்க’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டாள்.

“இத்தன வருஷம் ஒத்த ஆளாச் சுமந்தேன். அவர் வந்தா கொஞ்சம் எறக்கி வெக்கலாம்னு இருந்தேன். வந்தவர் அதும்மேலயே ஏறி உக்காந்துட்டார்.”

சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள். பிறகு அழுதாள். மடியில் கிடந்த துணி நனையாமல் தள்ளி வைத்துவிட்டு அழுதாள், கடைக்குக் கொடுக்க வேண்டிய துணியாயிற்றே. வெகுநேரம் பேசினாள். எல்லாம் படியில் இருந்தவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அவராகவே மருத்துவரைப் பார்க்கப் போனார்.

மாத்திரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வந்தது. ஒருநாள் பேச்சு பாதியில் இருக்கும்போது அவர் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. சிறுமி கதவைத் திறந்துகொண்டு வந்து, மிச்சக் கதையை அவர் முன்னால் நின்றபடியே சொல்லி முடித்தாளாம். பிறகு காய்கறிச் சந்தையில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும் வேலை கிடைத்தது. மனைவியோடுதான் இன்னும் சரியாகவில்லை. அவள் தைத்த துணிகளைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறார். பேச்சு, என்ன ஏது என்ற அளவில் நிற்கிறது.

ஆறுதல் மேடத்துக்குத்தான் அதற்குப் பிறகு உடம்பும் மனசும் ஒத்துழைக்கவில்லை. ஒரு வீட்டில் ஒருவர் அழுதுகொண்டிருந்தபோது, எப்போது முடிப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைத்தது அவளைப் பயமுறுத்தியது. மேலதிகாரியிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை, விடுப்புக் கொடுத்தார். வீட்டில் கணவர் எதுவும் கேட்காமல் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தார். அவள் தூங்கினாள். எழுந்து சாப்பிட்டாள். மறுபடி தூங்கினாள்.

விடுப்பு முடிந்து போனதும் மேலதிகாரி முன் நின்றாள்.

“வந்தவங்களை மட்டும் பாத்தாப் போதாது சார். வீட்ல இருக்கிறவங்களையும் தனியாப் பாக்கணும்.”

“வேலை ரெட்டிப்பாகும்மா. கூடுதலா ஆள் கிடையாது.”

“தெரியும் சார்.”

அவர், முதலில் இரண்டு வீட்டில் பார், பிறகு யோசிக்கலாம் என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, குழாயடியில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, முதல் வீட்டுக்குப் போகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.