என் மகள் ஆமென் சொல்ல மறுத்த நாட்கள்

1988-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்துக்குப் போன என் மூத்த மகள் ஜெயசீலி அன்று மாலை வீடு திரும்பவில்லை. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு. காலையிலிருந்தே விட்டுவிட்டு மழை. ஆறரை மணிக்கு நான் இராஜபாளையத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, என் மனைவி கிரேஸ் நனைந்த சேலையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் வரை ஓடிப்போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். ஜெயசீலி அன்று பள்ளிக்கே வரவில்லையாம்.

பத்து வருடங்களாக இதை நான் எழுதவில்லை. எழுதும் துணிவு இருக்கவில்லை என்பதே உண்மை. இப்போதும் என் மகளின் அனுமதியைப் பெற்ற பிறகே எழுதுகிறேன். எழுதியதை அவளுக்கு அனுப்பி வைத்தேன். ஒரே ஒரு பத்தியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள். அந்தப் பத்தி இதில் இல்லை.

நான் மதுரையில் கல்லூரியில் படித்து வேதியியலில் பட்டம் பெற்றவன். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஆலை ஒன்றில் வெளுப்புப் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்தேன். எங்கள் சபைக்கு ஒன்பது வருடங்கள் செயலராகவும் இருந்தேன். திருமண வீடானாலும் துக்க வீடானாலும் ஜெபம் செய்ய என்னைத்தான் அழைப்பார்கள். என் ஜெபத்தில் ஒரு சொல் பிசகாது. அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். நால்வரும் முழங்காலில் நிற்போம். நான் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிப்பேன். பிள்ளைகள் சிறுமிகளாக இருந்தவரை அவர்களுக்காக நன்றி மட்டுமே சொல்லி வந்தேன். ஜெயசீலிக்குப் பதின்மூன்று வயது ஆனதும் என் ஜெபம் மாறியது. அது மாறியதை நான் உணரவில்லை. "ஆண்டவரே, தாயை எதிர்த்துப் பேசும் இந்த நாவை அடக்கும். கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியும் வெட்கமில்லாத இந்த இருதயத்தை உடையும். கண்ணாடி முன் நிற்கும் இந்த வீண் ஆசையை எடுத்துப்போடும்." நேரில் கண்டித்தால் அவள் பதில் பேசுவாள். ஜெபத்தில் சொன்னால் பதில் பேச முடியாது. கண்களை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, கடைசியில் ஆமென் சொல்லியே ஆக வேண்டும்.

1988 ஜூலை மாதத்திலிருந்து அவள் ஆமென் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

நான் விடவில்லை. அவள் சொல்லும்வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது என்று கட்டளையிட்டேன். அரை மணி நேரம், ஒரு மணி நேரம் முழங்காலில் நின்றிருக்கிறோம். அப்போது பத்து வயதான இளைய மகள் மெர்சி, தனக்கு ஒன்றும் அக்காளுக்கு ஒன்றுமாக இரண்டு முறை ஆமென் சொல்லிப் பார்ப்பாள். "அவளுக்கு வாய் இருக்கு. நீ சும்மா இரு" என்பேன்.

"விடுங்களேன். சாமி காதுல இதையெல்லாமா போடுவாங்க?" என்று கிரேஸ் ஒரு நாள் சொன்னாள்.

"பின்னே யார் காதில் போடுவது?" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

இப்படியிருக்கையில், ஜெயசீலியின் அறிவியல் நோட்டில் ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. டியூஷனில் உடன் படிக்கும் ஒரு பையன் எழுதியது. 'நாளைக்கு வருவாயா? நோட்டு வேண்டும்' என்ற அளவில் இரண்டு வரிகள், கீழே பேனாவால் ஒரு பூ. வேறொன்றுமில்லை. அந்த வெள்ளிக்கிழமை சபையின் வீட்டுக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. அக்கம்பக்கத்து விசுவாசிகள் பதினான்கு பேர் பாயில் அமர்ந்திருந்தார்கள். முடிவு ஜெபத்தை நான் ஏறெடுத்தேன். "இந்த வீட்டில் ஒரு வாலிபப் பிள்ளை, படிக்கப் போன இடத்தில் கடிதம் வாங்கி வருகிறாளே, கர்த்தாவே, இந்த அசுத்தத்தை நீரே சுட்டெரியும்" என்றேன். பெயர் சொல்லவில்லை. வீட்டில் இருந்த வாலிபப் பிள்ளை ஒருத்திதானே? பதினான்கு பேரும் ஆமென் என்றார்கள்.

மறுநாள் தெருக் குழாயடியில் இரண்டு பெண்கள் அவளைப் பார்த்து, "ஏட்டி, இன்னைக்கு லெட்டர் வரலையா? தபால்காரன் லீவா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள். கிரேஸ் இதை என்னிடம் சொன்னபோது, நான் குடத்தைப் பற்றித்தான் கேட்டேன்.

ஞாயிறு கழிந்தது. திங்களன்று அவளைக் காணோம்.

பேருந்து நிலையம், இரயில் நிலையம், தோழிகள் வீடு என்று எங்கும் ஓடியிருக்க வேண்டும். காவல் நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? கதவைச் சாத்தினேன். "யார் கேட்டாலும் செட்டியார்பட்டியில் அவள் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல். ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது" என்று கிரேஸிடம் சொன்னேன். வயது வந்த பெண் ஓர் இரவு வீட்டில் இல்லை என்பது தெரிந்தால், மறுநாள் எந்த முகத்தோடு ஆலயத்தில் நிற்பேன்? என் எண்ணம் அதுவாக இருந்தது.

ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பசுவுக்குப் புல் அறுத்து விற்கும் பாக்கியம், எங்கள் சபையைச் சேர்ந்தவள், தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, பெரிய பாப்பா வீட்டுல இருக்காளா?"

"செட்டியார்பட்டிக்குப் போயிருக்கிறாள். அவள் அம்மாச்சிக்குச் சுகமில்லை."

"அப்படியா? அப்பஞ் சரி அண்ணாச்சி. சும்மாத்தான் கேட்டேன்."

போய்விட்டாள். நானே கதவைத் தாழிட்டேன்.

பிறகு கடைசிப் பேருந்துக்கு முன் செட்டியார்பட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே அவள் இல்லை. அந்த இரவைப் பற்றி எழுத என்னிடம் சொற்கள் இல்லை. மழை ஓயவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

விடிந்ததும் முழங்காலில் நின்றேன். ஜெபிக்க முயன்றேன். முதல் வாக்கியத்திலேயே அவளுடைய குற்றங்கள் வந்து நின்றன. "பெற்றோரை அவமானப்படுத்திய இந்தப் பிள்ளையை..." நிறுத்தினேன். மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதே. என் மகளைக் குற்றம் சாட்டாமல் அவளுக்காக ஜெபிக்க எனக்குத் தெரியவில்லை. அந்த மொழி என் வாயிலிருந்து போயே போய்விட்டது. நான் பயந்துவிட்டேன்.

சங்கீதம் எதையாவது வாசிக்கலாம் என்று வேதப்புத்தகத்தை எடுத்தேன். அதிலிருந்து நான்காக எட்டாக மடித்த ஒரு சீட்டு கீழே விழுந்தது. எங்கள் ஆலய வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. சபையார் பெயர் போடாமல் எழுதி அதில் இடுவார்கள். ஞாயிறு ஆராதனையில் செயலர் என்ற முறையில் நான் எடுத்து வாசிப்பேன். அந்த ஞாயிறு நேரமாகிவிட்டதால் ஒரு சீட்டை வாசிக்காமல் வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். இதுதான் அது. பிரித்தேன்.

'எங்கள் வீட்டில் அப்பா ஜெபம் செய்வதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் எனக்குக் காது கேட்காமல் போக வேண்டும். இரண்டில் ஒன்றுக்காகச் சபையார் ஜெபித்துக்கொள்ளவும்.'

ஜெயசீலியின் கையெழுத்து.

சபைக்கு முன்னால் என் வாயாலேயே நான் வாசிக்க வேண்டும் என்றுதான் அதைப் பெட்டியில் போட்டிருக்கிறாள். ஆராதனை முடியும்வரை காத்திருந்திருக்கிறாள். நான் வாசிக்கவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

எங்கள் ஆலையில் வெளுத்து வந்த துணியில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுவோம். உடனே மூழ்கினால் நல்ல துணி. பஞ்சின் இயற்கை மெழுகு உள்ளிருந்து நீங்காத துணி எவ்வளவு வெண்மையாக இருந்தாலும் மிதக்கும். புண்ணின் ஈரத்தை அது உறிஞ்சாது. அப்படிப்பட்ட துணியை ஒரு மீட்டர்கூட வெளியே அனுப்ப மாட்டேன் என்று பெயர் வாங்கியவன் நான். அந்தக் காலையில் என்னை நான் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். வேறெப்படிச் சொல்வது?

"ஆண்டவரே, என் வாயை அடைத்துவிடும். பிள்ளையைத் தாரும்."

என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறிய ஜெபம் அதுதான்.

செவ்வாய்க்கிழமைகளில் பத்து மணிக்கு ஆலயத்தில் பெண்களுக்கான உபவாச ஜெபம் நடக்கும். ஆண்கள் போவதில்லை. நான் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன், மறுபடி கழற்றினேன். உள்ளே முப்பது பெண்கள் இருந்தார்கள். போதகரும் ஓரமாக இருந்தார். கிரேஸ் கடைசி வரிசையில் தலையில் முக்காட்டோடு குனிந்திருந்தாள்.

சீட்டை நடுவில் நின்று வாசித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "இதை எழுதியது என் மகள் ஜெயசீலி. நேற்றிலிருந்து அவளைக் காணவில்லை. செட்டியார்பட்டிக்குப் போனதாக நான் சொன்னது பொய்" என்றேன்.

பின்னாலிருந்து பாக்கியம் எழுந்தாள். மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணாச்சி! நேத்துக் காலையில செம்பகத்தோப்பு ரோட்டுல அந்தப் பிள்ளையப் பாத்தேனே! பள்ளிக்கூடப் பையோட மழையில நடந்து போச்சு. கூப்பிட்டேன், திரும்பல. அதக் கேக்கத்தான் வீட்டுக்கு வந்தேன். நீங்க அம்மாச்சி வீட்டுல இருக்கான்னவும், நான் பாத்தது வேற பிள்ளையின்னு போயிட்டேனே!"

என் பிள்ளை இருக்குமிடத்தை அறிந்தவள் முந்தின மாலையே என் வாசலுக்கு வந்திருக்கிறாள். நான் ஜெபிக்கும் முன்பே ஆண்டவர் பதிலை அனுப்பியிருக்கிறார். அதை வாசலிலேயே திருப்பி அனுப்பியவன் நான்.

போதகர் வாடகைக் கார் பிடித்தார். கிரேஸும் பாக்கியமும் உடன் வந்தார்கள். செண்பகத்தோப்பு மலையடிவாரத்தை நோக்கிப் போனோம். ஓடைகள் எல்லாம் செந்நிறமாகப் பெருகி ஓடின. ஒவ்வோர் ஓடையையும் கடக்கும்போது கிரேஸ் கண்களை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. எனக்கு அந்தத் தண்டனை தேவையாக இருந்தது.

வனத்துறைச் சாவடியில் காவலர் ஒருவர் எங்களைப் பார்த்ததும் குடையோடு ஓடி வந்தார்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளையத் தேடியா வாரிய? இருக்கு சார், எங்க வீட்டுல இருக்கு. நேத்து சாயங்காலம் ஓடையில இறங்கி இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு இருந்துச்சு. கூப்பிட்டாத் திரும்பல. நாந்தான் போய்க் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். பேரு கேட்டாச் சொல்லல, ஊரு கேட்டாச் சொல்லல. அப்பா யாருன்னு கேட்டேன். 'எங்கப்பா ஜெபம் பண்றவரு'ன்னுச்சு. அம்புட்டுத்தான் சார். இப்பம் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லக் கிளம்பிக்கிட்டு இருந்தேன்."

காவலரின் மனைவியுடைய சேலையைச் சுற்றிக்கொண்டு, காய்ச்சலில் நடுங்கியபடி அவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கண்டதும் என் முழங்கால்கள் தாமாகவே மடங்கின. உடனே அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

"ஜெபம் பண்ணாதீங்கப்பா. அடிக்கணும்னா அடிச்சுக்கிடுங்க. ஜெபம் மட்டும் பண்ணாதீங்க."

"பண்ணலம்மா" என்றேன். "இனிமே பண்ணல."

கிரேஸ் அவளை அள்ளி எடுத்துக்கொண்டாள்.

மறு வாரம் செயலர் பொறுப்பிலிருந்து விலகினேன். ஊர் பேசியது, பேசட்டும் என்று இருக்க நான் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டேன். அதன்பின் எங்கள் வீட்டில் ஏழு மணி ஜெபத்தைக் கிரேஸ் நடத்தினாள். அவளுக்குப் பெரிய சொற்கள் தெரியாது. "இன்னைக்கு ஜெயா நல்லாச் சாப்பிட்டா, ஸ்தோத்திரம்" என்பாள். நான் பின்னால் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஐந்து மாதங்கள். மூத்தவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

1989 ஏப்ரலில் ஒரு நாள் கிரேஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் ஜெயசீலியைப் பார்த்தேன். அவள் காதுகளைப் பொத்தவில்லை. "ஆண்டவரே, பாக்கியம் வாசலில் வந்து நின்றபோது நான் பொய் சொன்னேன். என் பெயரைக் காப்பாற்ற என் பிள்ளையைத் தண்ணீரில் விட்டேன். என்னை மன்னியும்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

என் பின்னாலிருந்து, மிக மெதுவாக, ஒரு குரல் ஆமென் என்றது. அது மெர்சியின் குரல் அல்ல.

இன்று ஜெயசீலி மதுரையில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணி செய்கிறாள். மெர்சியும் அதே பதின்மூன்று, பதினைந்து வயதுகளைக் கடந்தாள். கணக்கில் அக்காளைவிடக் குறைவாகவே வாங்கினாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவளிடமே சொன்னேன். அவள் பதில் பேசினாள். கேட்டுக்கொண்டேன். ஆண்டவரிடம் அவளுக்காக நன்றி சொன்னேன்.

அன்பான விசுவாசிகளே, வளரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கலங்கும் தகப்பன்மாரே, உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. என் பிள்ளையை ஆண்டவர் ஓர் ஓடையிலிருந்து எனக்குத் திருப்பித் தந்தார் என்பதற்குச் சாட்சியாக மட்டும் நிற்கிறேன். அவர் தருவார், நம்புங்கள். இன்று மாலை குடும்பமாக முழங்காலில் நிற்கும்போது, உங்கள் குற்றத்தை முதலில் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளின் ஆமெனுக்காக அவசரப்படாதீர்கள். எனக்கு அது ஐந்து மாதங்கள் கழித்துத்தான் கிடைத்தது. அந்தச் சீட்டு இன்னும் என் வேதப்புத்தகத்துக்குள்தான் இருக்கிறது.