இடது நாட்டரின் கால் சுற்று

எங்கள் அண்ணிக்கு யாரையும் நம்பும் பழக்கம் கிடையாது. கடையில் கயிற்றுருண்டை வாங்கப் போனால், நுனியை மூக்கருகே கொண்டுபோய் ஈரவாடை அடிக்கிறதா என்று பார்ப்பார். பிறகு நாலு முழம் இழுத்து, எங்கேயாவது மெலிந்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போவார். "புதுச் சரக்கும்மா" என்பார் கடைக்காரர். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்பார் அண்ணி. கூடப் போன நான் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தக் குணம்தான் அவரைப் பேலர் மெஷின் மேல் ஏற்றிவிட்டது. பேலர்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது. டிராக்டருக்குப் பின்னால் போய், வயலில் காய்ந்து கிடக்கும் புல்லை வாரி, பெட்டிபோல அழுத்தி, இரண்டு கயிறு சுற்றிக் கட்டித் தள்ளும். அந்தக் கயிற்றில் முடிச்சுப் போடுகிற பாகத்துக்கு நாட்டர் என்று பெயர். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. டிராக்டர் ஓட்டுவது நான், நாட்டரைப் பார்ப்பது அண்ணன் என்று இருபது வருஷம் ஓடியது. போன வருஷம் லோடு மேலிருந்து அண்ணன் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்.

மெக்கானிக் ஒருவர் வந்து ஒரே மூச்சில் நாலைந்து போல்ட்டைத் திருகிவிட்டுப் போனார். அதுவரை பத்துக் கட்டில் ஒன்று அவிழ்ந்தது, அவர் போன பிறகு மூன்றில் ஒன்று அவிழ்ந்தது. "வேணும்னே அரைகுறையா விட்டுட்டுப் போறாரு. திரும்பக் கூப்பிடுவோம்ல" என்றார் அண்ணி. மறுநாள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே ஏறிவிட்டார்.

எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் பெரிய சக்கரத்தை என்னைக் கையால் மெள்ளச் சுற்றச் சொல்வார். கிளிமூக்கு மாதிரி ஒரு கொக்கி திரும்பிக் கயிற்றைச் சுற்றிக்கொள்ளும். வாயைத் திறந்து நுனியைக் கவ்வும். கத்தி வெட்டும். ஓர் இரும்புக் கை வந்து முடிச்சை வழித்துத் தள்ளும். கண்மூடித் திறப்பதற்குள் நடக்கிற இதை அண்ணி அரை மணி நேரம் பார்ப்பார். என் தோள்பட்டை கழன்றுவிடும்.

அவிழ்ந்த கயிற்றை யாரும் தூக்கி எறியக் கூடாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்வார். ஒரு நுனியில் மட்டும் முடிச்சு விழுந்திருந்தால், கயிற்றைப் பிடிக்கும் வட்டு தளர்ந்துபோயிருக்கிறது. நுனி பிய்ந்து பஞ்சாகியிருந்தால், அதே வட்டு இறுகிக் கடிக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே போல்ட், அதுவும் கால் சுற்றுதான். பிறகு பத்துக் கட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. இரண்டே மாதத்தில் ஒரு கட்டும் அவிழாமல் வயல் முடிந்தது. எனக்கே கொஞ்சம் வயிறு எரிந்தது.

அதற்குள் அண்ணன் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்திருந்தார். மெஷின் மேல் ஏறக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வயல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "நாட்டர் எப்படிப் போவுது?" என்று கேட்பார். "நல்லாப் போவுதுங்க" என்பார் அண்ணி. பேச்சு அதோடு சரி.

அப்புறம்தான் தொல்லை பிடித்தது. சாயங்காலம் ஒழுங்காக ஓடிய இடது நாட்டர், காலையில் முதல் கட்டிலேயே காலை வாரியது. முடிச்சு ஒரு நுனியில் மட்டும். அண்ணி சக்கரத்தைச் சுற்றச் சொல்வதற்குள் அண்ணன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவார். "தள்ளு, நான் பாக்கறேன்." நின்றபடியே எட்டி ஒரு திருகு திருகுவார். மெஷின் சொன்ன பேச்சைக் கேட்கும். "என்ன இருந்தாலும் பழைய கை" என்பார்கள் வண்டியில் கட்டு ஏற்ற வரும் கூலியாட்கள் இருவரும். மூன்று நாள் இதே கூத்து.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணி நெயில் பாலிஷ் புட்டியோடு ஷெட்டுக்குப் போனார். இடது வட்டின் போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். மறுநாள் காலை வயலில் பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது.

"ஷெட் சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார், கட்டு ஏற்றுகிறவர்கள் காதுபட.

"எங்கிட்டதான். இன்னொண்ணு அடுப்படி ஆணியில தொங்குது."

"ரோட்டுமுனை பேலர்காரரு உன்னை வண்டி ஓட்டக் கூப்பிட்டாராமே. எங்கிட்ட சொல்லவேயில்ல."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை 'நீங்க' என்று அழைத்தவர். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "கூப்பிட்டாரு, போகலன்னுட்டேன். அதுக்காக நம்ம மெஷினையே நான் கெடுப்பேனா?"

"கோடு தானா நகராது."

கட்டு ஏற்றுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலைக்காரன் என்றால் கணக்குத் தீர்த்துக்கொண்டு போய்விடலாம், சொந்தத் தம்பி எங்கே போவது? துரோகிப் பட்டத்தோடு அதே வீட்டில் சாப்பிட என்னால் முடியாது. "நாளைக்கு விடியக்காலைல ஷெட்டுல நின்னு பாத்து, யாருன்னு சொல்றேன்" என்றேன்.

"நீ மட்டும் பாத்துட்டு வந்து சொன்னா நான் நம்பணுமா? நானும் வரேன்."

வெளிச்சம் பரவும்போதே இருவரும் ஷெட்டுக்குள் போய், என் சாவியால் கதவை உள்ளிருந்தே பூட்டிக்கொண்டு, அடுக்கியிருந்த கட்டுகளுக்குப் பின்னால் நின்றோம். அண்ணி மூச்சுவிடுவதுகூட என்னைக் குற்றம் சாட்டுவது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. பூட்டு திறந்தது. அண்ணன் உள்ளே வந்தார்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்தபடி குனிந்து, ஸ்பேனரைப் போட்டு இடது போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார். பிறகு தோள் துண்டால் அந்தக் கிளிமூக்கை, குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி, துடைத்துவிட்டார். பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கயிற்றுக் கடைக்காரரையும் மெக்கானிக்கையும் என்னையும் சந்தேகப்பட்ட அண்ணிக்குத் தன் புருஷனைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. இருந்தாலும் அப்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி எப்படி முகத்தில் விழிப்பார் என்று திரும்பினேன். அண்ணி ஒரு கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நாட்டர் நல்லாப் போவுதுன்னு தினம் சொன்னேன்" என்றார். "இதை எப்படிச் செய்யன்னு ஒரு நாள் அவரைக் கேட்டிருக்கலாம்."

நான் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"தம்பி, நாம பாத்தது அவருக்குத் தெரிய வேணாம். நீங்க செஞ்சதாவே இருக்கட்டும்."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"அவங்க ரெண்டு பேரு முன்னாடி உங்களைக் கேட்டுத் தொலைச்சிட்டேன். நீங்க இல்லைன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்க. யோசிச்சா யாருன்னு தெரிஞ்சிரும்."

"அப்ப என் பேரு?"

"கெட்டுத்தான் போகும்" என்றார். பூசி மெழுகத் தெரியாதவர். கண் கலங்கியிருந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, அதனால்தான் தலையாட்டிவிட்டேன்.

வயலில் முதல் கட்டு அவிழ்ந்தது. அண்ணன் வந்து ஒரு திருகு திருகினார். "இனிமே இடது நாட்டரு உங்க பொறுப்புங்க. எனக்கு அது பிடிபடல" என்றார் அண்ணி. அண்ணன் முகம் மலர்ந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். அன்று காலை வயலுக்கு வந்ததும் கட்டு ஏற்றுகிறவர்கள் அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தார்கள். கட்டு ஏற்றும் இருவரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ஏன்டா, உனக்கு என்ன குறை வச்சோம்? கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டோமா?" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அண்ணி மெஷினுக்கு அந்தப் பக்கம் போய்க் கயிறு கோத்துக்கொண்டிருந்தார்.

"தப்புதாண்ணா. இனிமே கை வைக்க மாட்டேன்" என்றேன்.

அண்ணன் பெரிய மனசு பண்ணி என்னை மன்னித்துவிட்டார்.